கடித உறையும் கருத்துரிமையும்: அமெரிக்க மருத்துவக் கொள்கை விவாதத்தில் வணிக நிறுவனங்களின் பேச்சுரிமைக்கு அரசு விதித்த வரம்புகள்

முன்னுரை

அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்து லூயிவில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹியூமனா என்னும் மருத்துவக் காப்புறுதி நிறுவனம், 2009ஆம் ஆண்டில் தன் உறுப்பினர்களாகிய முதியோர்க்குக் கடிதம் ஒன்றை அனுப்பியது. அப்போது காங்கிரஸ் அவையில் விவாதத்திலிருந்த மருத்துவச் சீர்திருத்தம் நிறைவேறினால் அவர்கள் பெற்றுவரும் நலன்கள் குறையக்கூடும் என்று அக்கடிதம் கூறியது. தத்தம் பிரதிநிதிகளிடம் இதனை எடுத்துரைக்குமாறும் அவர்களைத் தூண்டியது. செப்டம்பர் 18ஆம் நாள், கூட்டரசின் மெடிகேர் நிருவாகம் அத்தகைய கடிதங்களை நிறுத்துமாறு அந்நிறுவனத்திற்கு ஆணையிட்டது. மூன்று நாள் கழித்து, அதே வகைக் காப்புறுதியை நடத்திவந்த பிற நிறுவனங்களுக்கும் அவ்வாணை விரிவுபடுத்தப்பட்டது.

ஒரு மாத காலத்திற்குள் தணிந்துபோன இச்சர்ச்சை நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்கவில்லை. எனினும், அமெரிக்கப் பேச்சுரிமை வரலாற்றில் நெடுங்காலமாகத் தீராதிருந்த ஒரு வினாவை அது வெளிப்படையாக எழுப்பியது. அரசிடம் பணம் பெற்றுப் பணியாற்றும் ஒரு வணிக நிறுவனம், அவ்வரசு கொண்டுவர விரும்பும் கொள்கையைக் குறைகூறிப் பேசலாமா? பேசினால், அதனைத் தடுக்க அரசுக்கு எந்த அளவிற்கு அதிகாரம் உண்டு?

இவ்வினாவின் வரலாற்றை இரண்டு கட்டங்களாகப் பகுத்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது. முதற் கட்டத்தில், வணிக நிறுவனம் பேச்சுரிமைக்கு உரியதா என்பதே வழக்காக இருந்தது. 1980ஆம் ஆண்டளவில் அவ்வழக்கு பெரும்பாலும் நிறுவனங்களுக்குச் சாதகமாகவே தீர்ந்தது. ஆனால் 1965இல் மெடிகேர் திட்டம் தோன்றியதன்வழி அரசு மருத்துவத்துறையின் மிகப்பெரிய பணம் செலுத்துநராக மாறியபோது, வினாவும் மாறியது. சட்டம் இயற்றித் தடைசெய்ய இயலாத பேச்சை, ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி ஒரு கடிதத்தின்வழித் தடைசெய்ய முடிந்தது. இம்மாற்றமே இக்கட்டுரையின் மையப் பொருள் ஆகும்.

முதல் திருத்தத்தின் அமைப்பு

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதியும், சிங்கப்பூர் அரசியலமைப்பின் 14ஆம் விதியும் பேச்சுரிமையைக் குடிமக்களுக்குரிய உரிமையாக வரையறுக்கின்றன. 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமோ, யாருக்கு உரிமை உண்டு என்று கூறுவதில்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றலாகாது என்றே கூறுகிறது. அதாவது, பேசுபவரைச் சுட்டாமல், தடுப்பவரைச் சுட்டித் தடையிடுகிறது. வணிக நிறுவனங்களும் அத்திருத்தத்தின் நிழலில் ஒதுங்க முடிந்தமைக்கு இச்சொல்லமைப்பும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் அந்நிழல் எளிதில் கிட்டிவிடவில்லை. 1942ஆம் ஆண்டின் வாலன்டைன் எதிர் கிரெஸ்டென்சன் வழக்கு இதற்குச் சான்றாகும். அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வாங்கி நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த ஒருவர், அதற்கான விளம்பரத் துண்டறிக்கைகளைத் தெருவில் வழங்க முற்பட்டார். வணிக விளம்பரங்களைத் தெருவில் வழங்கக்கூடாது என்று காவல்துறை தடுத்தது. அவர் அறிக்கையின் மறுபக்கத்தில் நகர நிருவாகத்தைக் கண்டிக்கும் வாசகத்தை அச்சிட்டுக்கொண்டு மீண்டும் வந்தார். உச்ச நீதிமன்றம் இவ்வுத்தியை ஏற்கவில்லை. வெறும் வணிக விளம்பரத்திற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வணிகரின் பேச்சு வணிகமேயன்றிக் கருத்தாகாது என்னும் நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

மருந்துக்கடையிலிருந்து மின்கட்டண உறைவரை

இந்நிலை மாறியது மருத்துவத்துறை சார்ந்த ஒரு வழக்கின்வழி என்பது குறிப்பிடத்தக்கது. வெர்ஜினியா மாநிலத்தில், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் விலையை மருந்தாளர் விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. ஒரே மருந்தின் விலை கடைக்குக் கடை பெரிதும் வேறுபட்டிருந்தும், நோயாளி அதனை ஒப்பிட்டு அறிய வழியில்லை. இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தோர் மருந்தாளர்கள் அல்லர், பயனீட்டாளர்களே ஆவர். 1976ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பேச்சுரிமை என்பது பேசுபவருக்கு மட்டும் உரியதன்று, கேட்பவருக்கும் உரியது என்னும் கருத்து இத்தீர்ப்பின் உயிர்நாடியாக அமைந்தது. நோயுற்றவருக்கும் முதியோருக்கும், அன்றைய அரசியல் விவாதத்தைவிட மருந்து விலை பற்றிய செய்தி இன்றியமையாததாக இருக்கக்கூடும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாண்டுகள் கழித்து, 1978இல், பாஸ்டன் முதல் தேசிய வங்கி எதிர் பெலோட்டி வழக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் படிநிலை வருமான வரியை அனுமதிக்கும் திருத்தம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, அதனை எதிர்த்துப் பணம் செலவிடச் சில வங்கிகளும் நிறுவனங்களும் விரும்பின. மாநிலச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருந்தது. நீதிபதி பவல் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 5க்கு 4 என்னும் கணக்கில் அச்சட்டத்தை நீக்கியது. ஒரு கருத்து பொதுமக்களுக்குப் பயன்படுவதா என்பது அதனைக் கூறுபவர் தனியாளா, நிறுவனமா என்பதைப் பொறுத்ததன்று என்பதே அதன் சாரம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், நிறுவனம் என்பது சட்டம் படைத்த ஒன்று, ஆதலால் படைத்த சட்டம் அளிக்கும் உரிமைகளுக்குமேல் அதற்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். இவ்விரு நிலைப்பாடுகளும் இன்றளவும் எதிரெதிராகவே நிற்கின்றன.

ஹியூமனா நிகழ்ச்சிக்கு மிக நெருங்கிய முன்னோடி, 1980ஆம் ஆண்டின் கன்சாலிடேட்டட் எடிசன் வழக்காகும். நியூயார்க்கில் மின்சாரம் வழங்கிய அந்நிறுவனம், அணு மின்சாரத்தை ஆதரிக்கும் துண்டறிக்கையை 1976இல் மாதக் கட்டணச் சீட்டுடன் ஒரே உறையில் வைத்து அனுப்பியது. சர்ச்சைக்குரிய பொதுக்கொள்கை பற்றிய எதனையும் கட்டண உறையில் வைக்கலாகாது என்று மாநிலப் பொதுச்சேவை ஆணையம் தடைவிதித்தது. கட்டணம் செலுத்துவோர் தப்பிக்க இயலாத கேட்பாளர்கள் என்பதும், அவர்தம் பணத்திலேயே அவர்கள் விரும்பாத கருத்து பரப்பப்படுகிறது என்பதும் ஆணையத் தரப்பின் வாதங்களாக இருந்தன. உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. விரும்பாதவர் அத்தாளைக் குப்பைக்கூடையில் இட்டுவிடலாம். செலவை எப்பிரிவில் கணக்கிடுவது என்பதை ஆணையம் தனியே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். பேச்சையே தடுக்கத் தேவையில்லை என்றது. உறை, உறைக்குள் அரசியல் கருத்து, செலவு யாருடையது என்னும் வினா ஆகிய மூன்றும் 2009இல் மீண்டும் தோன்றுவதை நாம் காணவிருக்கிறோம்.

கொள்கைப் பரப்புரையின் வரலாறு

நீதிமன்ற வரலாறு இவ்வாறிருக்க, மருத்துவக் கொள்கை பற்றிய வணிக, தொழில்முறை அமைப்புகளின் பரப்புரை அதற்கு முன்பே வலுப்பெற்றிருந்தது. 1945ஆம் ஆண்டு நவம்பரில் அதிபர் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை முன்வைத்தார். அவர் 1948 தேர்தலில் வென்றதும், அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் சிறப்புக் கட்டணம் விதித்தது. கலிபோர்னியாவின் விட்டேக்கர் அண்ட் பேக்ஸ்டர் என்னும் பரப்புரை நிறுவனத்தை அமர்த்தி, 1949ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1.5 மில்லியன் டாலர் செலவிட்டது. தேசியக் காப்புறுதியைச் சமூகவுடைமை மருத்துவம் என்று சித்திரித்த துண்டறிக்கைகள் மருத்துவமனை அறைகளிலெல்லாம் கிடைத்தன. அவற்றின் கூற்றுகளில் மிகை நிரம்ப இருந்தது. எனினும் அவற்றை நிறுத்துமாறு எந்தக் கூட்டரசு அலுவலகமும் ஆணையிடவில்லை. ஆணையிட அதனிடம் கருவி ஏதும் இல்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

உண்மையில் அக்காலத்தில் ஐயத்திற்கு உள்ளானது அரசின் பேச்சேயாகும். கூட்டரசு அதிகாரிகள் பொதுப்பணத்தைக்கொண்டு தேசியக் காப்புறுதிக்கு ஆதரவு திரட்டினர் என்று 1947இல் காங்கிரசின் துணைக்குழு ஒன்று குற்றஞ்சாட்டியது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைக்கொண்டு அக்காங்கிரசின்மீதே செல்வாக்குச் செலுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1919 முதல் அந்நாட்டில் இருந்துவந்தது. பொதுப்பணம் பரப்புரைக்குப் பயன்படலாகாது என்னும் நெறி முதலில் அரசு அதிகாரிகளையே கட்டுப்படுத்தியது. வணிக நிறுவனங்களை நோக்கி அது திரும்பியது பிற்காலத்தில்தான்.

அத்திருப்பத்திற்கு வழிவகுத்தது 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிபர் ஜான்சன் கையொப்பமிட்ட மெடிகேர் சட்டம். 65 வயது நிரம்பியோர்க்கான மருத்துவச் செலவை அரசு ஏற்றது. தொடக்கத்தில் அரசு நேரடியாக மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் பணம் செலுத்தியது. பின்னர் தனியார் நிறுவனங்கள் அப்பணியை ஒப்பந்த அடிப்படையில் ஏற்றுக்கொள்ளும் முறை வளர்ந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மெடிகேர் அட்வாண்டேஜ் என்று பெயரிட்டது. அரசு ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதந்தோறும் ஒரு தொகையை நிறுவனத்திற்கு அளிக்கும். நிறுவனம் அவருடைய மருத்துவச் செலவை ஏற்கும். நிறுவனங்கள் முதியோரை ஏமாற்றிச் சேர்த்துவிடாதிருக்கும் பொருட்டு, அவை உறுப்பினர்களுக்கு அனுப்பும் சந்தைப்படுத்தல் ஏடுகளை மேற்பார்வையிடும் அதிகாரம் மெடிகேர் நிருவாகத்திற்கு வழங்கப்பட்டது. கட்டணம், மருத்துவமனைப் பட்டியல், நலன்கள் ஆகியவை பற்றிப் பொய்யுரைக்காமல் காப்பதே அவ்வதிகாரத்தின் நோக்கம். அது தேவையான அதிகாரம் என்பதில் ஐயமில்லை.

1993-94இல் அதிபர் கிளிண்டனின் சீர்திருத்தத் திட்டத்தை எதிர்த்து அமெரிக்க மருத்துவக் காப்புறுதிச் சங்கம் வெளியிட்ட ஹாரி, லூயிஸ் என்னும் கற்பனைத் தம்பதியர் தோன்றும் தொலைக்காட்சி விளம்பரங்கள் புகழ்பெற்றவை. சமையலறை மேசையில் அமர்ந்து தம் கட்டணச் சீட்டுகளைப் பார்த்தவாறு அத்திட்டத்தைப் பற்றி அவர்கள் கவலையுறுவர். 1993 நவம்பரில் ஹில்லரி கிளிண்டன் காப்புறுதி நிறுவனங்களைப் பொதுமேடையில் கடுமையாகச் சாடினார். பேச்சுக்குப் பேச்சே விடையாக அமைந்தது. அத்திட்டம் 1994 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அவ்விளம்பரங்கள் மட்டுமே அதற்குக் காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் சீர்திருத்தம் விரும்பியோர் அவற்றை மறக்கவில்லை.

2009: ஹியூமனா ஆணை

அதிபர் ஒபாமாவின் சீர்திருத்த முயற்சி 2009இல் தொடங்கியபோது, காப்புறுதி நிறுவனங்களின் நிலை முன்பினும் வேறுபட்டிருந்தது. ஏறத்தாழ 10 மில்லியன் முதியோரும் உடற்குறையுற்றோரும் மெடிகேர் அட்வாண்டேஜில் பதிந்திருந்தனர். அவர்களுக்காக அரசு செலுத்திய தொகை, வழக்கமான மெடிகேரில் ஆகும் செலவைவிடச் சராசரியாக 14 விழுக்காடு மிகுதி என்று காங்கிரசின் மெடிகேர் ஆலோசனை ஆணையம் கணித்திருந்தது. இம்மிகைத் தொகையைக் குறைத்துச் சீர்திருத்தத்திற்கு நிதி தேடுவது, செனட் நிதிக்குழுத் தலைவர் மேக்ஸ் பாக்கஸ் செப்டம்பர் 16ஆம் நாள் வெளியிட்ட சட்ட முன்வரைவின் ஒரு கூறாகும். பத்தாண்டுகளில் 100 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட குறைப்பு அதில் அடங்கியிருந்தது.

ஹியூமனாவின் கடிதம் இக்குறைப்பையே குறிவைத்தது. செனட்டர் பாக்கஸ் அதுபற்றி மெடிகேர் நிருவாகத்திடம் முறையிட்டார். நிருவாகம் மூன்று காரணங்களைக் காட்டியது. கடிதம் முதியோரைக் குழப்பி, அவர்களின் நலன்கள் ஏற்கெனவே பறிபோயின என்று எண்ணச் செய்யும். உறையின் தோற்றம் அதனை அதிகாரமுறைச் செய்தி எனக் காட்டுகிறது. மெடிகேர் பணிக்கென அளிக்கப்பட்ட உறுப்பினர் விவரங்கள் வேறு நோக்கத்திற்குப் பயன்பட்டிருக்கலாம். கடிதத்தை நிறுத்துவதோடு, அது தொடர்பானவற்றை இணையத்தளத்திலிருந்தும் நீக்குமாறு பணிக்கப்பட்டது. ஹியூமனா அதற்கு உடன்பட்டது.

செனட் எதிர்க்கட்சித் தலைவரும் கெந்தக்கி மாநில உறுப்பினருமான மிட்ச் மெக்கோனல் இதனை வாய்ப்பூட்டு ஆணை என்று கண்டித்தார். தம் மாநில நிறுவனத்திற்காக அவர் பேசினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் சுட்டிய சிக்கல் அதனால் இல்லாமற் போய்விடவில்லை. சட்ட முன்வரைவை எழுதியவரே அதனைக் குறைகூறியோர்மீது முறையிட, அம்முன்வரைவை ஆதரித்த அரசின் நிருவாகமே தீர்ப்பு வழங்கியது. இதற்கிடையில், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 80 பில்லியன் டாலர் விட்டுக்கொடுப்பதாக உடன்பாடு செய்துகொண்ட மருந்து உற்பத்தியாளர் சங்கம், சீர்திருத்தத்தை ஆதரித்து விளம்பரம் செய்துவந்தது. அதனை எவரும் தடுக்கவில்லை. மருந்து நிறுவனங்களின் நிலை மெடிகேர் அட்வாண்டேஜ் நிறுவனங்களின் நிலையினின்று சட்டப்படி வேறுபட்டதே. எனினும் ஆதரவுக் குரல் ஒலிக்க, எதிர்ப்புக் குரல் மட்டும் அடங்கியதைக் கண்ட பொதுமக்களுக்கு அவ்வேறுபாடு புலப்பட்டிருக்கும் எனக் கூறுவதற்கில்லை.

இந்நிகழ்ச்சியின் மிக நுட்பமான பகுதி செப்டம்பர் 22ஆம் நாள் நடந்தது. நிதிக்குழுவின் கேள்விகளுக்கு விடையளித்த காங்கிரஸ் வரவுசெலவு அலுவலக இயக்குநர் டக்ளஸ் எல்மெண்டார்ஃப், முன்மொழியப்பட்ட குறைப்பினால் மெடிகேர் அட்வாண்டேஜ் உறுப்பினர்கள் பெறும் கூடுதல் நலன்கள் குறையும் என்று ஏற்றுக்கொண்டார். தவறான தகவல் என ஐயுறப்பட்ட கூற்றின் மையக்கருத்தை, எக்கட்சியும் சாராத ஓர் அதிகாரி அதே வாரத்தில் அவையிலேயே உறுதிப்படுத்தினார். அவர் கூறியது விவாதமாக ஏற்கப்பட்டது. நிறுவனம் கூறியது விதிமீறலாகக் கருதப்பட்டது.

அக்டோபர் மாத நடுவில் நிருவாகம் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. முன்கூட்டியே இசைவளித்த உறுப்பினர்களுக்கு நிறுவனங்கள் கொள்கை பற்றி எழுதலாம். அதற்குக் கூட்டரசுப் பணத்தைப் பயன்படுத்தலாகாது என்று அது வரையறுத்தது. ஒட்டுமொத்தத் தடை அத்துடன் நீங்கியது.

2010: தடையில்லாத் தடைகள்

2010 மார்ச் 23ஆம் நாள் சீர்திருத்தம் சட்டமானது. அதன்பின் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள், வரம்பு என்பது ஆணையின் உருவில்தான் வரும் என்பதில்லை என்று காட்டுகின்றன.

முதலாவது, கணக்கியல் பற்றியது. பணி ஓய்வு பெற்றோரின் மருந்துச் செலவுக்கு நிறுவனங்கள் பெற்ற உதவித்தொகைக்கான வரிச்சலுகையைப் புதிய சட்டம் நீக்கியது. உடனே ஏடி அண்ட் டி நிறுவனம் ஏறத்தாழ 1 பில்லியன் டாலரும், டீர் நிறுவனம் 150 மில்லியனும், கேட்டர்பில்லர் 100 மில்லியனும் தம் கணக்கில் செலவாகக் காட்ட வேண்டியுள்ளதாக அறிவித்தன. சீர்திருத்தத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் இவ்வறிவிப்பு உவப்பாக இல்லை. பிரதிநிதிகள் சபையின் எரிசக்தி, வணிகக் குழுத் தலைவர் ஹென்றி வாக்ஸ்மன், இந்நிறுவனங்களின் தலைவர்களை ஏப்ரல் 21ஆம் நாள் விசாரணைக்கு அழைத்ததோடு, அவற்றின் உள்ளக ஆவணங்களையும் கேட்டார். வரிச்சட்டம் மாறிய காலாண்டிலேயே அதன் விளைவைக் கணக்கில் காட்டுவது கணக்கியல் விதிகளின் கட்டாயம் என்பதைக் குழுவின் பணியாளர்கள் கண்டறிந்தபின் அவ்விசாரணை கைவிடப்பட்டது. ஒரு சட்டம் கூறுமாறு பணித்த உண்மையைக் கூறியதற்காக, மற்றொரு சட்டத்தை இயற்றியோர் விளக்கம் கேட்டனர் என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இரண்டாவது, அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சுகாதாரச் செயலர் கேத்லீன் செபிலியஸ் காப்புறுதி நிறுவனங்களின் சங்கத்திற்கு எழுதிய கடிதம். சில நிறுவனங்கள் தம் கட்டண உயர்வுக்குப் புதிய சட்டமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் கூறியிருந்தன. சட்டத்தினால் ஏற்படும் உயர்வு 1 முதல் 2 விழுக்காடே என்று செயலர் மறுத்தார். அம்மறுப்பு முறையானதே, அரசுக்கும் தன் தரப்பைக் கூறும் உரிமை உண்டு. ஆயின் கடிதம் அத்துடன் நிற்கவில்லை. இத்தகைய தவறான தகவலைச் சற்றும் பொறுக்க இயலாது என்றும், நியாயமற்ற கட்டண உயர்வுகளைச் செய்யும் நிறுவனங்கள் 2014இல் திறக்கப்படவிருந்த காப்புறுதிச் சந்தைகளிலிருந்து விலக்கப்படலாம் என்றும் அது எச்சரித்தது. மறுப்பும் எச்சரிக்கையும் ஒரே தாளில் எழுதப்பட்டபோது, எது முடிந்து எது தொடங்குகிறது என்று பெறுநர் பிரித்தறிதல் அரிது.

பணம் அளிப்பவரின் உரிமை

அரசு தன் பணத்தைப் பெறுவோரின் பேச்சை எவ்வளவு கட்டுப்படுத்தலாம்? இதற்கு நீதிமன்றம் அளித்த விடைகள் ஒருமுகமானவை அல்ல. 1991ஆம் ஆண்டின் ரஸ்ட் எதிர் சல்லிவன் வழக்கில், கூட்டரசு நிதி பெறும் குடும்பநலத் திட்டங்களில் பணியாற்றும் மருத்துவர் கருக்கலைப்புப் பற்றி ஆலோசனை கூறலாகாது என்னும் விதியை 5க்கு 4 என்னும் கணக்கில் நீதிமன்றம் ஏற்றது. அரசு தன் திட்டத்திற்குரிய பணத்தை அத்திட்டத்திற்கே செலவிடக் கோரலாம் என்பது அதன் அடிப்படை. 2013இல், எய்ட்ஸ் ஒழிப்புக்கு நிதி பெறும் அமைப்புகள் பாலியல் தொழிலை எதிர்க்கும் கொள்கையைத் தம் கொள்கையாக அறிவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையை நீதிமன்றம் நீக்கியது. திட்டத்தின் எல்லைக்குள் எதற்குப் பணம் என்று வரையறுக்கலாம். எல்லைக்கு வெளியே பெறுநர் என்ன கூற வேண்டும் என்று கட்டளையிடலாகாது என்னும் வேறுபாடு இதன்வழித் தெளிவாயிற்று.

அண்மையில் வந்த ஒரு தீர்ப்பு நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. 2024 மே 30ஆம் நாள், தேசியத் துப்பாக்கிச் சங்கம் எதிர் வுல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியூயார்க் மாநிலத்தின் நிதித்துறைக் கண்காணிப்பாளர், அச்சங்கத்தின் கருத்தை வெறுத்து, அதனோடு தொடர்பை அறுக்குமாறு காப்புறுதி நிறுவனங்களை வற்புறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அதிகாரி ஒருவர் தம் கருத்தைக் கூறலாம், இணங்கச் செய்யவும் முயலலாம். ஆனால் தம் ஒழுங்குமுறை அதிகாரத்தைக் காட்டி அச்சுறுத்தி, தமக்கு உவப்பில்லாத பேச்சை ஒடுக்கலாகாது என்று நீதிபதி சோட்டோமேயர் எழுதினார். 1963ஆம் ஆண்டின் பாண்டம் புக்ஸ் தீர்ப்பில் வேரூன்றிய இந்நெறியைக்கொண்டு 2009, 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்த்தால், அவற்றின் சிக்கல் எதுவென்று விளங்கும். மறுத்துரைத்தல் பேச்சு, உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் சுட்டிக்காட்டி மறுத்துரைத்தல் அதிகாரம்.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் வணிக நிறுவனங்களை நிரபராதிகளாகக் காட்டுதல் நேர்மையாகாது. ஹியூமனா தன் வருவாயைக் காக்கவே எழுதியது. முதியோர் மெடிகேருக்கென அளித்த முகவரிக்கு, மெடிகேர்ச் செய்தி போன்ற உறையில் அது அரசியல் வேண்டுகோளை அனுப்பியது. முகவரியும் உறையும் பணமும் எவ்வாறு பயன்பட்டன என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு.

அதேவேளையில், நிருவாகம் கடிதத்தின் உள்ளடக்கத்தையும் தவறான தகவல் என்று எடைபோட முற்பட்டதே பிழையாயிற்று. ஒரு காப்புறுதித் திட்டத்தில் இன்ன மருத்துவமனை அடங்கும் என்பது சரிபார்க்கத்தக்க செய்தி. இன்னும் நிறைவேறாத சட்டத்தினால் இன்ன விளைவு நேரும் என்பதோ முன்கணிப்பு. முன்னதற்கென அளிக்கப்பட்ட அதிகாரம் பின்னதற்கும் நீட்டிக்கப்பட்டது. பிற்கால நிகழ்வுகள் இவ்வேறுபாட்டின் முதன்மையை உணர்த்துகின்றன. குறைப்புகள் சட்டத்தில் இடம்பெற்றன. ஆயினும் மெடிகேர் அட்வாண்டேஜ் தளரவில்லை. 2023ஆம் ஆண்டளவில், தகுதியுடைய மெடிகேர்ப் பயனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்திருந்தனர். நிறுவனத்தின் அச்சம் அன்றைய கணக்கின்படி ஆதாரமுடையதாகவும், காலப்போக்கில் மிகையானதாகவும் அமைந்தது. 2009 செப்டம்பரில் இதனை ஹியூமனாவும் அறிந்திருக்க முடியாது. மெடிகேர் நிருவாகமும் அறிந்திருக்க முடியாது. அறியாத ஒன்றைப் பற்றி ஒரு தரப்பு மட்டும் பேசலாம் என்று விதிக்க எவருக்கும் தகுதி இல்லை.

1976ஆம் ஆண்டின் மருந்து விலை வழக்கு கற்பித்தவாறு, இழப்பு நிறுவனத்திற்கு மட்டும் உரியதன்று. கடிதத்தைப் பெறவிருந்த முதியவர் அதனைப் படித்து நம்பியிருக்கலாம். ஐயுற்றுத் தம் பிரதிநிதியிடம் கேட்டிருக்கலாம். அன்றிக் குப்பைக்கூடையில் இட்டிருக்கலாம். அம்மூன்றும் அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

முடிவுரை

1942இல் நீர்மூழ்கிக் கப்பல் துண்டறிக்கையில் தொடங்கி, மின்கட்டண உறைவழியாக, ஹியூமனாவின் கடிதம்வரை வந்த இவ்வரலாறு ஒரு மாற்றத்தைப் புலப்படுத்துகிறது. நிறுவனம் பேசலாமா என்னும் வினா தீர்ந்துவிட்டது. அரசைச் சார்ந்து வாழும் நிறுவனம் அரசை எதிர்த்துப் பேசலாமா என்னும் வினாவே எஞ்சியுள்ளது. மருத்துவத்தில் அரசின் பங்கு விரியுந்தோறும் அதனைச் சார்ந்து வாழாத மருத்துவமனையோ, மருந்து நிறுவனமோ, காப்புறுதி நிறுவனமோ அரிதாகிவிடும். பணம் பெறுபவர் வாய்திறக்கலாகாது என்பதே நெறியானால், மருத்துவக் கொள்கையை அருகிலிருந்து அறிந்தோர் அனைவரும் அதனைப் பற்றிப் பேசத் தகுதியற்றோராவர்.

2009 அக்டோபரில் வகுக்கப்பட்ட வழிகாட்டி இச்சிக்கலுக்கு ஓரளவு பொருத்தமான விடை எனலாம். பெறுநரின் இசைவு வேண்டும், பொதுப்பணம் கலக்கலாகாது, கருத்து எதுவாயினும் ஆகுக. இவ்வரம்பு பேச்சின் வழியைக் கட்டுப்படுத்துகிறது. பேச்சின் பொருளைத் தொடவில்லை. செப்டம்பர் 18ஆம் நாளிலேயே இவ்விதியை எழுதியிருக்க முடியும். அவ்வாறு எழுதப்படாமல், சட்ட முன்வரைவு குழுவின் முன் இருந்த வாரங்களில் முழுத்தடையாக வந்தமையே அவ்வாணையை ஐயத்திற்கு உள்ளாக்கியது. வரம்பு விதிப்பவர் விவாதத்தில் தாமும் ஒரு தரப்பாக இருக்கும்போது, அவ்வரம்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவிற்கே அது நம்பத்தக்கதாகும்.